பெயர் எழுத வேண்டாம்

வெள்ளைத் திரை கிடைக்கவில்லை.
சரஸ்வதி படத்தை இறக்கிவிட்டுச்
சுவரில் ஒளியைப் பாய்ச்சினோம்.
பீ.எச்.ஐ. ஜெசீல் கொண்டுவந்த பற்கள்
சுவர் வெடிப்போடு சேர்ந்து இன்னும் கறுத்தன.
பதினொன்று பி சிரித்தது.
"சேர், இது ஆர்ர வாய்?" என்றான் கேதுஷன்.
அவருக்கும் தெரியாது.
எந்த நாட்டு வாயோ,
பேத்தாழையில் ஒருநாளும்
மீன்குழம்பு தின்னாத வாய்.

ஐஸ் என்று அவர் சொன்னதும்
பின்வாங்கில் இருவர் குளிரில் நடுங்கிக் காட்டினார்கள்.
வைகாசி வெயில். விசிறி ஓடவில்லை.
மூளை, இதயம், சட்டம், தண்டனை என்று
படம் மாறிக்கொண்டே போய்
மணி அடித்தது.

ஒரு சப்பாத்துப் பெட்டி,
மூடியில் பிளேட்டால் கீறிய வாய்.
கேள்வி இருந்தால் போடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்றேன்.
எழுத்தைப் பார்த்துப் பிடிக்க மாட்டேன் என்றும்
சொல்லித் தொலைத்தேன்.

இரவு பாயில் கொட்டினேன்.

'டீச்சர் நீங்க கலியாணம் கட்டல்லியா'
இது மூன்று துண்டில், மூன்றிலும் ஒரே பேனை.
'சோதினைக்கு முதல்நாள் மட்டும் எடுத்தா
பாடமாக்கினது நிக்குமா'
'வள்ளத்துல போற ஆக்கள் முழிச்சிருக்கத்தானே எடுக்காங்க,
அவங்கட பல்லும் விழுமா'
'எனக்கு ஒருத்தன் சும்மா தந்தான். காசு கேக்கல்ல.
ஏன் கேக்கல்ல?'

இதற்குச் சுவரில் படம் வரவில்லை.

பிறகு, எட்டாக மடித்த ஒன்று:
'என்ட அண்ணன் நாலு நாளா படுக்கல்ல.
ராவு முழுக்கச் சைக்கிளக் கழட்டுறான். பூட்டுறான்.
மறுகாக் கழட்டுறான்.
சைக்கிள் முடிஞ்சு விசிறி. விசிறி முடிஞ்சு கதவு.
இப்ப வீட்ட கதவில்ல, சாறிதான் கட்டிக்கிடக்கு.
அம்மா கட்டாரில. சொல்லல்ல.
அவன நித்திரையாக்க என்ன குடுக்கலாம்?'

ழகரத்தின் வாலை
இடப்பக்கம் இழுத்துச் சுழிக்கும் எழுத்து.
இரண்டு வருடமாய்ச் சிவப்பு மையால்
நான் வட்டமிட்ட வால்.
முன்வாங்கு. இடமிருந்து மூன்றாவது.
போன தவணை அறிக்கையில்
'வகுப்பில் நித்திரை கொள்கிறாள்' என்று எழுதியதும்
இதே கைதான்.

அவள் இரவெல்லாம்
திருகாணி பொறுக்கியிருக்கிறாள்.

வாக்குக் கொடுத்த வாய்
பெட்டி மூடிபோலக் கிழிந்து கிடந்தது.
அதிபரிடம் சொன்னால் பொலிஸ்.
சொல்லாவிட்டால்
அந்தச் சாறி.

வெள்ளாப்பில் ஜெசீலுக்கு அழைப்பெடுத்தேன்.
ஆர் என்று அவர் கேட்கவில்லை.
பற்களைப் பற்றியும் பேசவில்லை.
ஒரு தாதியின் பெயர் தந்தார், ஒரு கிழமை, ஒரு இலக்கம்.
"புள்ள தனிய வரத் தேவையில்ல, ஆக்கள் வீட்ட போவாங்க.
ஒருக்கா அவ கேக்கணும். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை
எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன்,
கலியாணம் உட்பட.
சும்மா தந்தவன் ஏன் காசு கேட்கவில்லை என்பதை
நான் வாய் திறக்க முதல் அவர்களே சொன்னார்கள்.
கேதுஷன்தான் முதலில்.
அப்போது அவன் முகத்தில் பகிடி இருக்கவில்லை.

எட்டு மடிப்புக்கு வந்தபோது
கூரை ஓட்டைப் பார்த்துப் பேசினேன்.
நித்திரைக்கென்று ஒன்றும் குடுக்க வேண்டாம்,
குளிசையும் வேண்டாம், சாராயமும் வேண்டாம்.
கையில் இருப்பதைப் பறிக்க வேண்டாம்.
பயம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஓடு.
ஓடுங்கள், என்று திருத்தினேன்.

பிறகு இலக்கத்தைப் பலகையில்
பெரிதாக எழுதினேன்.
"எல்லாரும் எழுதுங்க. சோதினைக்கு வரும்."

பொய். வராது.
முப்பத்திரண்டு தலையும் குனிந்தன.
பேனைச் சத்தம் ஓயும்வரை
தண்ணித் தாங்கியில் இருந்த காகத்தை
யன்னலால் எண்ணிக்கொண்டு நின்றேன்,
ஒன்று, ஒன்று, ஒன்று.

அடுத்தது கணிதம்.
குணநாயகம் சேர் டஸ்டரை எடுத்தார்,
என் முகத்தைப் பார்த்தார்,
இலக்கத்தைச் சுற்றி ஒரு முக்கோணம் கீறிவிட்டு
மிச்ச இடத்தில்
பாடத்தைத் தொடங்கினார்.